மெத்தை டிரைவரின் வலது கால்

அவர் ஓட்டிய பேருந்தில் நின்றுகொண்டே தூங்கலாம் என்பார்கள். ஒருமுறை பெயின்டர் ஒருவர் மூடி இல்லாத வண்ண டப்பாவோடு ஏறினார். கண்டக்டர் திட்டத் திட்ட, ஊரின் மறுகோடி வரை போய்ச் சொட்டுக்கூடச் சிந்தாமல் இறங்கினார். இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "இது வண்டியில்ல, மெத்தை" என்றார். அன்றிலிருந்து டிரைவருக்கு அதுதான் பெயர். வீட்டுக்காரம்மாகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

இதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. மற்ற டிரைவர்கள் வண்டி நிற்கும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார்கள். மெத்தை, நிற்பதற்கு ஒரு மூச்சு முன்னால் காலை லேசாகத் தூக்கிவிடுவார். கடைசிக் குலுக்கல் இல்லாமல் சக்கரம் உருண்டு ஓய்ந்து நிற்கும். யாரும் சொல்லித் தந்ததல்ல. உள்கண்ணாடியில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காலே கற்றுக்கொண்டது.

பிறகு பேருந்துகள் வேறு கம்பெனிக்குக் கைமாறின. ஐம்பதைத் தாண்டியவர்கள் வேண்டாம் என்றார்கள். மெத்தை தாண்டியிருந்தார்.

வீட்டில் உட்கார்ந்தார். காலையில் பேப்பர், மாலையில் அதே பேப்பர். ஒருநாள் மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நாற்காலிக்கே உங்க மேல சலிப்பு வந்திருச்சு. எழுந்திருச்சு அதுக்காவது லீவு குடுங்க."

"எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். வேற என்ன செய்யச் சொல்ற?"

"ஓட்டத்தான் சொல்றேன். தம்பிகிட்ட பேசிட்டேன்."

தம்பி, பால் கம்பெனியின் டிப்போவில் மெக்கானிக். மேனேஜரிடம் நடையாய் நடந்து, மாமாவுக்காகத் தன் பெயரை அடகு வைத்து, டேங்கர் லாரி டிரைவர் வேலை வாங்கிவிட்டான். மேனேஜரின் நிபந்தனை ஒன்றுதான்: சோதனைக் காலத்தில் ஒரு விபத்து நடந்தாலும் ஸ்டியரிங் கிடையாது. "மாமா, என் மானம் உங்க கையில" என்றான் மச்சான். கையில் இல்லை, காலில் இருந்தது. அது அப்போது இருவருக்கும் தெரியாது.

பயிற்சி கொடுத்தவர் மெத்தையைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். பல வருடங்களாக டேங்கர் ஓட்டுகிற பெண். டிப்போவில் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. முதல் நாள் காலை டேங்கின் வயிற்றைக் கையால் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, பெட்ரோல் டேங்கர்ல உள்ளே தடுப்பு வெச்சிருப்பாங்க. இதுல கிடையாது. தடுப்பு இருந்தா மூலையில பால் தங்கிப் புளிச்சிடும், கழுவ முடியாது. முழுசா நிரப்பினா இவ சமத்து. காலியா இருந்தாலும் சமத்து. பாதியா இருக்கும்போதுதான் பேய்."

"குறைகுடம் கூத்தாடும்."

"அதேதான். கூத்து நம்ம முதுகுக்குப் பின்னாடி நடக்கும். பிரேக் போட்டா லாரி நின்னுடும், பால் நிக்காது. முன்னாடி வந்து மோதும், பின்னாடி போகும், திரும்ப வரும். அது அடங்கற வரைக்கும் பிரேக்ல இருந்து காலை எடுக்கவே எடுக்காதீங்க. லாரி நின்னாலும் எடுக்காதீங்க."

"சரிம்மா" என்றார். புரிந்துதான் சொன்னார்.

முழு லோடுகளை அவர் ஓட்டிய அழகைப் பார்த்து டீச்சரே அசந்துபோனார். "உங்க பக்கத்துல உக்காந்தா எனக்குக் கொட்டாவி வருதுண்ணே. இது பாராட்டுதான்." பாதி லோடில் பக்கத்திலிருந்து அவர் "கால், கால்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கால் கேட்டது.

ஆனாலும் மெத்தைக்கு அந்த வேலை ஒட்டவில்லை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண் தலைக்கு மேலே போகும். அங்கே உள்கண்ணாடி இல்லை. முதுகுக்குப் பின்னால் கேபினின் இரும்புச் சுவர். சில்லறைச் சண்டை இல்லை, ஜன்னல் சீட்டுத் தகராறு இல்லை, "அடுத்த ஸ்டாப்புல இறங்கணும்" என்று யாரும் கத்தவில்லை. ஊரே ஏறி இறங்கிய மனிதருக்குப் பின்னால் இப்போது பால் மட்டும். ஒருநாள் மேடு ஏறும்போது, "உள்ளே போங்க, உள்ளே போங்க, நடுவுல இடம் இருக்கு பாருங்க" என்று டேங்கிடம் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்தபடி, "போகப் போகப் பழகிடும்" என்றார்.

தனியாகப் போகலாம் என்று அனுப்பிய முதல் வாரம். பிஸ்கட் தொழிற்சாலையில் பாதிப் பாலை இறக்கிவிட்டு, மீதியோடு ஊருக்குக் குறுக்கே அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைவீதி சிக்னல். அவருடைய பழைய பேருந்துத் தடத்தில் இருக்கிற சிக்னல். அந்த மூலை மருந்துக் கடை, அதன் பச்சை விளக்கு, எதிரே செருப்புக் கடை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. சிவப்பு விழுந்தது. கோட்டுக்குச் சரியாக வண்டியைக் கொண்டுவந்தார். மருந்துக் கடையைப் பார்த்தார். கால் லேசாக எழுந்தது.

லாரி பூப்போல நின்றது.

நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பிளம்பர் லாரிக்கு முன்னால் இறங்கினார். அப்போது பின்னாலிருந்து யாரோ உள்ளங்கையால் ஓங்கி அறைந்ததுபோல் ஒரு சத்தம். நின்றிருந்த லாரி ஓர் ஆள் நீளம் முன்னால் பாய்ந்தது.

சைக்கிள் பம்பருக்கு அடியில் போனது. பிளம்பர் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து குழாய் இணைப்புகள் நாலாபக்கமும் உருண்டன. அவருடைய வலது மணிக்கட்டு, மணிக்கட்டு மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

கூட்டம் கூட எவ்வளவு நேரமாகும்?

"ஏய்யா, கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"நின்ன வண்டிப்பா! நான் பார்த்தேன், நின்னுதான் இருந்துச்சு!"

"நின்ன வண்டி எப்படிய்யா ஓடும்? கதை விடாதே."

மெத்தை இறங்கி ஓடிவந்தார். கூட்டத்தில் பூக்கடைக்காரம்மா ஒருவர் வாயில் கை வைத்தார். "ஐயோ, நம்ம பஸ் மெத்தையில்ல இவரு!"

"மெத்தையா? நல்லா மெத்துனு மோதியிருக்காரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மெத்தை பிளம்பரின் அருகே மண்டியிட்டார். பிளம்பர் திட்டவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்: "நீங்க நிறுத்தினதைப் பார்த்துட்டுத்தானேங்க நான் காலை வெச்சேன்?"

டிப்போவில் மேனேஜர் சாவியை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டார். மச்சான் கிரீஸ் கையோடு ஓடிவந்து கெஞ்சினான். டீச்சர் மட்டும் வேறு வழி சொன்னார்: "பாதி டேங்க் தண்ணி நிரப்பித் தாங்க சார். யார்டுக்குள்ள நான் பக்கத்துல உக்காந்து பார்க்கறேன். சரியா வந்தா இன்னொரு வாய்ப்பு குடுங்க." மேனேஜர் அரை மனதாகத் தலையாட்டினார்.

மறுநாள் யார்டைச் சுற்றி வந்தார்கள். கோட்டில் நிறுத்தினார், கால் அசையவில்லை. மறுபடி நிறுத்தினார், அசையவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற மச்சான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். டீச்சர் சும்மா பேச்சுக் கொடுத்தார்.

"வீட்ல அக்கா என்ன வேலைண்ணே?"

"தையல். பிளவுஸ் தைச்சா பக்கத்துத் தெருவுல இருந்தெல்லாம்..." சொல்லிக்கொண்டே கோட்டுக்கு வந்தார். வண்டி மெத்தென்று நின்றது. பிறகு பின்னாலிருந்து அந்த அறை. லாரி கோட்டைத் தாண்டிக் குதித்தது.

டீச்சர் குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் உள்ளே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தது.

"நினைக்கும்போது உங்க கால் உங்க பேச்சைக் கேக்குதுண்ணே. நினைக்காதப்போ அது இன்னும் பழைய முதலாளிக்குத்தான் வேலை செய்யுது."

"பழகிடாதா?"

"பழகலாம். எத்தனை நாள்ல, அதுக்குள்ள எத்தனை பேரு குறுக்கே வருவாங்க, அது எனக்குத் தெரியலை. மேனேஜர்கிட்ட நல்லா ஓட்டினாருன்னே சொல்றேன். முடிவு உங்களோடது."

மெத்தை இன்ஜினை அணைத்தார். இறங்கி நேராக ஆபீசுக்குப் போய்ச் சாவியை மேஜையில் வைத்தார். "எனக்கு வேண்டாம் சார்."

வெளியே மச்சான் வழிமறித்தான். "என்ன மாமா இது? நாய் மாதிரி கெஞ்சி வாங்கின வேலை! ஒரு தடவைதானே தப்பாச்சு? இன்னும் ரெண்டு நாள் பாத்திருந்தா என்ன?"

"அவரு நான் நிறுத்தினதைப் பார்த்துட்டுத்தான் இறங்கினாருடா."

"அதுக்கு?"

மச்சான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். பல வாரம் அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை.

மேனேஜர் கெட்டவரில்லை. டேங்க் கழுவும் இடத்தில் ஆள் தேவை என்றார். இப்போது மெத்தை ரப்பர் பூட்ஸ் போட்டு, மேல் மூடி வழியாக உள்ளே இறங்கி, டேங்கின் வளைந்த சுவரைத் தேய்க்கிறார். தடுப்பு இல்லாததால் வேலை சுலபம். புளித்த பாலின் வாடை சோப்புக்குப் போவதில்லை. வேலை முடிந்து வந்தால் மனைவி முதலில் வாளியில் வெந்நீரை வைக்கிறார், பிறகுதான் பேசுகிறார்.

வீட்டுக்குப் போவது புதுக் கம்பெனியின் பேருந்தில். உட்கார இடம் கிடைப்பது அரிது. இளம் டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசிவரை மிதித்து வண்டியைக் குத்தி நிறுத்துவார். எல்லோரும் முன்னால் சாய்ந்து பின்னால் வருவார்கள். ஒரு மாலை, காய்கறிப் பையோடு நின்ற பெண் ஒருவர் மெத்தையின் மேலேயே வந்து விழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க. இந்தத் தடத்துல முன்ன ஒருத்தர் ஓட்டுவாரு, நிக்கறதே தெரியாது."

"ம்" என்றார் மெத்தை. கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அடுத்த நிறுத்தம் வந்தது. டிரைவர் மிதித்தார். நிற்பதற்கு ஒரு மூச்சு முன்னால், கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, மெத்தையின் வலது கால் தரையிலிருந்து லேசாக எழுந்தது. வண்டி குலுங்கி நின்றது.