முத்தடுப்பு என்றொரு சொல்

அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்கு அலுப்பாக வரும். முத்தடுப்பு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி என்ற மூன்றையும் தடுக்கும் ஊசி என்பதால் அந்தப் பெயர். எங்கள் பக்கத்தில் அம்மைக் கொப்புளத்தை 'முத்து' என்பார்கள் என்று, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பெயர் வைத்த புண்ணியவானுக்கு யார் போய்ச் சொல்வது?

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் நர்ஸாக இருந்தேன். காலையில் வார்டு. மத்தியானம் சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் தெரு. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்காலைப் பக்கம் வீடு வீடாகப் போக வேண்டும். சித்திரை வெயிலில் செருப்பு தார் ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும். "புள்ளை ஊருக்குப் போயிருக்கு" என்பார்கள். உள்ளேயிருந்து பிள்ளை இருமும்.

அன்று கடைசியாகப் போனது ஒரு தச்சர் வீடு. நாலு வயதுப் பெண் குழந்தை. தாய் மறுபடி மாசமாக இருந்தாள். முத்தடுப்பு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

"எப்பவோ போட்டாச்சு சிஸ்டர். இந்தா பாருங்க" என்று பிள்ளையின் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினாள். தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு.

அது அம்மை குத்திய தழும்பு. முத்தடுப்பு ஊசி தழும்பு விடாது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கால் கடுத்தது, போதும் போதும் என்றிருந்தது. நோட்டில் 'போட்டாயிற்று' என்று எழுதினேன். அவள் நீட்டிய மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆடி மாதம் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கழுத்து வீங்கியிருந்தது. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரிச் சத்தம். வெறும் தொண்டைப் புண் என்று மூன்று நாளாகப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்நாக்கைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. தொண்டை அடைப்பான் என்றார்.

தாய் என் பக்கம் திரும்பினாள். "அதான் முத்துக்குக் குத்தியிருந்துச்சே சிஸ்டர். நீங்களும் பாத்தீகளே?"

மருந்து எடுக்கச் சொன்னார் டாக்டர். நல்ல சாக்கு என்று ஓடினேன்.

குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவு மருந்து அது. முதலில் தோலுக்கடியில் துளி போட்டு, உடம்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு முழுதும் ஏற்றினோம். கூடவே பென்சிலின். நாலாம் நாள் தொண்டையில் படர்ந்தது கழன்றது. பிள்ளை கஞ்சி கேட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்" என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

டாக்டருக்கு மட்டும் முகம் தெளியவில்லை. கிருமியின் விஷம் இதயத்தைத் தொட்டிருக்கும், இன்னும் சில வாரத்துக்குப் பிள்ளை தலையைக்கூடத் தூக்கக் கூடாது என்றார். கஞ்சி குடித்துத் தெம்பான நாலு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? டூட்டி முடிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். கதை தீர்ந்ததும் ஜன்னல் கம்பிகளை எண்ண வைத்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம், வாசலில் அப்பனைக் கண்டதும் "அப்பா" என்று எழுந்து உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்தாள். நாடி கிடைக்கவில்லை.

படுத்தே இருந்தாலும் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இருக்கலாம். என் தப்பு கட்டிலில் இல்லை, மோர் குடித்த இடத்தில் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் எந்த வீட்டிலும் அந்தச் சொல்லை நான் சொன்னதில்லை. மூன்று நோயையும் தனித்தனியாக விளக்குவேன். வாயாடி சிஸ்டர் என்று பெயர் வாங்கினேன்.

தை மாதம் அந்தத் தாய் கைக்குழந்தையோடு வந்தாள். நான் வாயைத் திறக்குமுன் பிள்ளையின் சட்டையைக் கழற்றி, இரண்டு தோளையும் என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதுக்கு ஒரு தழும்பும் இல்ல சிஸ்டர். இந்தத் தடவை நல்லாப் பாத்துக்கங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளையை என் மடியில் வைத்தாள்.