பேச்சு போன வாய் சொன்ன விசுவாசப் பிரமாணம்

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். ஆனா ஆண்டவர் எங்க வூட்டுல செஞ்சதைச் சொல்லாம இருக்கவும் முடியலை.

என் பேரு எஸ்தர். விருத்தாசலத்துல ஒரு செராமிக் யூனிட்டுல கப்புகளுக்குப் பூச்சு போடுற வேலை. என் வூட்டுக்காரர் செல்வராஜ் அதே இடத்துல சூளை பாத்துக்கிட்டு இருந்தாரு. போன வருஷம் ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை காலைல டிபன் டப்பாவை வாங்கிக்கிட்டு வாசல்ல நின்னவரு, என்னவோ சொல்ல வாயைத் திறந்தாரு. வார்த்தை வரலை. டப்பா நழுவி ரசஞ்சோறு படியெல்லாம் கொட்டுச்சு. அப்படியே சாஞ்சிட்டாரு.

பக்கவாதம்னாங்க. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில பதினோரு நாள். உயிர் தப்பிச்சுது. கையும் காலும் மெதுவா அசைஞ்சுது. பேச்சு மட்டும் போயிடுச்சு. தண்ணி வேணும்னாலும் ‘தே’, வலிக்குதுன்னாலும் ‘தே’. இருபத்திரண்டு வருஷமா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷன், என் முகத்தைப் பாத்துப் பேரைத் தேடுவாரு. கிடைக்காம அழுவாரு.

வூட்டுக்கு வந்ததும் ஜெபிக்க நிறைய பேர் வந்தாங்க. அதுல, எங்க சபை இல்லாம வேற ஒரு ஜெபக்குழு நடத்துற சகோதரர் ஒருத்தர். நல்ல மனுஷர்தான். இவர் விழுந்த அன்னிக்கு எங்களைத் தன்னோட கார்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதே அவருதான். கிளம்பும்போது என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. “குழந்தையில குடுத்த ஞானஸ்நானம் செல்லாது சிஸ்டர். இயேசுவை ஏத்துக்கிறேன்னு அவரே வாயைத் திறந்து அறிக்கை பண்ணணும். அதுக்குள்ள ஒண்ணு ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?”

அந்தப் பயம் என்னைப் புடிச்சுக்கிச்சு. பேச முடியாத மனுஷன் எப்படி அறிக்கை பண்ணுவாரு? அன்னியிலிருந்து எனக்கு ஒரே ஜெபம்தான். ஆண்டவரே, இயேசுவேன்னு ஒரே ஒரு தடவை சொல்ல வைங்க.

தினமும் அவர் எதுர்ல உக்காந்து, சொல்லுங்க, சொல்லுங்கன்னு கெஞ்சுவேன். வேர்த்து ஊத்தும் அவருக்கு. வர்றது ‘தே’தான். ஒரு நாள் பொறுமை போயி தோளைப் புடிச்சு உலுக்கிட்டேன். அவர் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அதையும் உங்க முன்னாடி ஒத்துக்கிறேன்.

இன்னொண்ணையும் ஒத்துக்கணும். எங்களுது லுத்தரன் சபை. இதெல்லாம் நடக்குறதுக்கு நாலு மாசம் முன்னாடி சபை கமிட்டியில, ‘விசுவாசிக்கிறேன்’னு ஆராதனையில எல்லாரும் சேந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்தை வாராவாரம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்றோம், அதை நிறுத்திட்டு இன்னும் ரெண்டு பாட்டு பாடலாம்னு பேசுனவ நான்தான். வாலிபப் பிள்ளைங்க வரணுமேன்னுதான் பேசினேன். முடிவு எடுக்காம தள்ளி வச்சிருந்தாங்க.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்க சபை ஐயர், அதான் போதகர், இவருக்கு நற்கருணை அப்பமும் திராட்சரசமும் குடுக்க வந்தாங்க. மனசுல இருந்ததெல்லாம் கொட்டிட்டேன். அவங்க பையில இருந்து பழைய ஞானோபதேசப் புஸ்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் படிக்கச் சொன்னாங்க. பதினாலு வயசுல, சபையில முழு அங்கமாச் சேக்குற திடப்படுத்தலுக்காக நான் மனப்பாடம் பண்ணின பக்கம். விசுவாசம் நம்ம சொந்த பலத்துல வர்றதில்ல, பரிசுத்த ஆவியானவர்தான் நம்மள அழைச்சு அதுல காத்துக்கிறாருன்னு அதுல இருக்குது. எத்தனை தடவை ஒப்பிச்சிருப்பேன். அன்னிக்குத்தான் முதமுதலாப் படிச்ச மாதிரி இருந்துச்சு.

“ஞானஸ்நானத்துல வாக்குக் குடுத்தது யாரும்மா? செல்வராஜா, கடவுளா?” ஐயர் கேட்டாங்க.

“கடவுள்தான் ஐயா.”

“அவர் வாக்கு நின்னுபோகலை. இவரு இனிமே ஒரு வார்த்தை பேசலைன்னாலும் அவரோட பிள்ளைதான். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம சபையோட முன்னோருங்க வெளிநாட்டுல ராஜா முன்னாடி நின்னு இந்த விசுவாசத்தைத்தான் அறிக்கை பண்ணாங்க. பயந்து நடுங்குற உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்.”

என் பயம் அந்த எடத்துலயே வுட்டுப்போச்சு. அதுக்கு மேல நான் எதையும் எதிர்பாக்கலை.

ஐயர் ஆராதனையை ஆரம்பிச்சாங்க. பாவ அறிக்கை முடிஞ்சு, ரெண்டு பேரும் விசுவாசப் பிரமாணம் சொன்னோம். ரெண்டாவது வரியில மூணாவதா ஒரு குரல் கேட்டுச்சு. பக்கத்து வூட்டுலருந்து யாரோ வந்துட்டாங்கன்னு வாசலைத் திரும்பிப் பாத்தேன். யாரும் இல்லை.

கட்டில்ல என் வூட்டுக்காரர். கண்ணு மூடியிருக்குது. வாய் சொல்லிக்கிட்டு இருக்குது. ‘தே’ இல்லை. முழு வார்த்தை. ஒண்ணு மாத்தி ஒண்ணு, வரிசை தப்பாம. நான் பாதியில நிறுத்திட்டேன். ஐயர் குரல் உடைஞ்சுது, ஆனா நிறுத்தலை. பாவமன்னிப்பு, உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன், ஆமென் வரைக்கும் அவரும் கூடவே வந்தாரு. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தாரு. அவரும் மிரண்டுதான் போயிருந்தாரு. ஏதோ சொல்ல வந்தாரு. ‘தே’.

ரெண்டு பேரும் நற்கருணை வாங்கினோம்.

வருஷக்கணக்காச் சொல்லிச் சொல்லிப் பழகினது மூளையில வேற எடத்துல தங்கும், சில பேருக்கு இப்படி வர்றது உண்டுன்னு டாக்டரு விளக்கினாங்க. அப்ப இது அற்புதம் இல்லையான்னு சில பேர் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா அதை அவருக்குள்ள போட்டு வச்சது யாரு? நான் எடுத்துடலாம்னு சொன்னது அதைத்தானே? இதை நினைச்சாத்தான் இன்னமும் திக்குனு இருக்குது. அடுத்த கமிட்டியில எந்திரிச்சு நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டு உக்காந்து அழுதுட்டேன். இப்ப சனிக்கிழமைகள்ல பிள்ளைங்களோட உக்காந்து ஞானோபதேசம் படிக்கிறேன். பாட்டும் பாடுறோம். ரெண்டுக்கும் நேரம் இருக்குது.

அவருக்கு இப்ப ‘தண்ணி’, ‘போதும்’ வருது. என் பேரு இன்னும் வரலை. அதுக்கும் ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா கோயில்ல கம்பை ஊனி நின்னு, விசுவாசப் பிரமாணத்தை முழுசாச் சொல்றாரு.

சகோதர சகோதரிகளே, ஜெபிக்கக் கூட வார்த்தை வராத நாள் உங்களுக்கும் வரலாம். அன்னிக்கு உங்க விசுவாசம் எவ்வளவுன்னு அளந்து பாத்துப் பயப்படாதீங்க. உங்களைப் புடிச்சிருக்கிறவரை நம்புங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. எங்க பக்கத்துல நில்லுங்க. முழுசாப் புரியலைன்னாலும் கூடச் சேந்து சொல்லுங்க. உங்க குரல் நின்னுபோற எடத்துலருந்து சபை சொல்லிக்கிட்டே போகும்.