ஞாயிறு பார்க்காத தேனீக்கள்

மேசைமேல் செல்போன் வைப்ரேஷனில் கிடந்து உறுமினால் இன்றும் நான் பதறி எழுந்துவிடுவேன். துபாயிலிருந்து மகள் ஆசையாகக் கூப்பிடுவாள். நானோ முதலில் முற்றத்தைத்தான் எட்டிப் பார்ப்பேன். கூட்டம் பிரியப்போகும் தேன்பெட்டியில் காதை வைத்தால் அதே இரைச்சல்தான் கேட்கும். பெட்டிகள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. காதுக்கு அது இன்னும் தெரியவில்லை.

குலசேகரம் பக்கம் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்விடும் காலத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோட்டம் முழுக்கச் செம்பு நிறத் தளிர். அதன் காம்பில் சுரப்பதுதான் எங்கள் வருஷத்துத் தேன். தேனீக்களுக்கும் அப்போதுதான் வீட்டில் இடம் போதாமல் போகும். புது ராணிக்கு அறை கட்டி வைத்துவிட்டு, பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். குடும்பத்தில் பாகம் பிரிவது போலத்தான். என்ன, இங்கே போகிறவர்கள் வயிறு முட்டத் தேனையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தாய்ப்பெட்டியைத் திறந்தோம். மற்ற பெட்டிகளெல்லாம் அதிலிருந்து பிரித்து எடுத்தவை. அடையின் அடியில் ராணி அறைகள் கடலைத்தோடு போலத் தொங்கின, வாய் மூடியாகிவிட்டது. இனி வெயில் அடிக்கும் முதல் காலையில் கூட்டம் பறந்துவிடும்.

"வெளக்கு புடிக்கேன், இப்பமே ரெண்டாப் பிரிச்சு வச்சிருவோம்" என்றேன்.

"இருட்டுல ஈய எளக்கப்பிடாது. நாளைக்கு ஓய்வுநாளு. திங்களாழ்ச்ச பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதுக்கு ஓய்வுநாளு தெரியுமா?"

அவர் பெட்டியை மூடிவிட்டார். சபைக் கமிட்டியில் இருந்தவர். ஆராதனை முடிவில் வரும் ஆசீர்வாதத்துக்கு முன் எழுந்து போகிறவர்களைக் கண்டித்துப் பேசியவர். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் தேங்காய்கூடத் துருவ மாட்டோம்; முந்தின நாளே துருவி வைத்துவிட வேண்டும்.

அதுவரை மூடிக்கிடந்த வானம் மறுநாள் பளிச்சென்று வெளுத்தது. எனக்கு அழுகை வந்தது. சர்ச்சில் பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர். போதகர் என்ன வசனம் சொன்னார் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. சன்னல் வெயில் தரையில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பார்த்தார். பிறகு பைபிளை எடுத்துக்கொண்டு, பிரசங்கத்தின் நடுவில், பக்கவாசல் வழியாக இறங்கி நடந்தார். சபையே பார்த்தது. நானும் சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

முற்றத்தில் வானம் தெரியவில்லை, அவ்வளவு ஈ. அவர் வெள்ளைச் சட்டையோடு தண்ணீரை வாரி வாரி மேலே இறைத்தார். நான் ஜெபிக்கக்கூட மறந்து நின்றேன். நனைந்த கூட்டம் மெல்ல இறங்கி, அயனி மரத்தின் தாழ்ந்த கிளையில் கொத்தாக ஒட்டியது. ஓலையில் பின்னிய கடவக்கூடையைக் கீழே பிடித்து, கிளையை உலுக்கி, எல்லாவற்றையும் புதுப்பெட்டிக்குள் கவிழ்த்தார். அதன் பிறகுதான் அவர் சர்ச் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, போதகரு கேட்டா எனக்கு வயித்தெளக்கம்னு சொல்லு."

அதிலிருந்து தளிர்க்காலத்து ஞாயிறு ஒவ்வொன்றிலும் பிரசங்கத்தின் நடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். கூட்டம் பறந்திருக்குமோ என்று பயந்துதான் பார்த்தோம். ஆனாலும் கல்யாணமான புதிதில்கூட அவர் என்னை அப்படித் தேடிப் பார்த்ததில்லை.

பிறகு ஒரு வருஷம் நோய் வந்து ஈயின் குஞ்சுப் புழுக்கள் அடைக்குள்ளேயே செத்து, பெட்டி பெட்டியாகக் காலியானது. ரப்பர் தோட்டமும் வீட்டுமனைகளாயிற்று. இப்போதும் நான் பெண்கள் பக்கம், அவர் ஆண்கள் பக்கம். எவ்வளவு வெயில் அடித்தாலும் பிரசங்கத்தை முழுவதும் கேட்கிறோம். நடுவில் ஒருமுறை நான் மட்டும் அந்தப் பக்கம் பார்ப்பேன். அவர் போதகரையே பார்த்துக்கொண்டிருப்பார்.