நான் கிண்டிய தொதல், அவர் பெயரில்

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், கீழக்கரையில் எங்கள் வீட்டில் இது ஆரம்பித்தது. அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகன் எட்டு மாதக் கைக்குழந்தை. கணவருக்குத் துபாயில் வேலை.

எங்கள் ஊரிலிருந்து யார் விமானம் ஏறினாலும் நாலு வீட்டுப் பார்சல் அவர் பெட்டியில் போகும். நானும் கணவருக்குத் தொதல் அனுப்புவேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து நாலு மணி நேரம் கை ஓயாமல் கிண்டும் இனிப்பு. அவர் அறையில் இருந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் அங்கே கடை வைத்திருக்கும் அண்ணன் வயதுள்ள ஒருவர் (எங்கள் வழக்கில் காக்கா) போன் செய்தார்.

"தங்கச்சி, மாசம் முப்பது கிலோ வேணும். கிலோ என்ன வெலைன்னு சொல்லுங்க."

நான் பி.காம். படித்தவள். ஒரு தொழிற்சாலைக்கே அடக்க விலை போட்டுத் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவள். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன் காக்கா."

கணவரிடம் கேட்டேன். "உனக்கு எது சரின்னு படுதோ செய்யி" என்று குரல் செய்தி அனுப்பினார். வேறொருத்தியாக இருந்தால் அன்றே விலை சொல்லியிருப்பாள். நான் அதை நாலு முறை போட்டுக் கேட்டேன். கோபத்தில் சொல்கிறாரோ? முப்பது கிலோ என்னால் முடியுமா? போய்ச் சேருவதற்குள் கெட்டுப்போனால்? உம்மாவைக் கேட்டேன். "கைப்புள்ளய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். கடைக்காரர் இன்னும் இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மச்சான், என் அக்காவின் கணவர், வந்தார். "வெளிப்பேச்சு உனக்குச் சரிப்படாதும்மா. நீ கிண்டு, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்கு அழுகை வரும் அளவுக்கு நிம்மதி. கிலோவுக்குக் கூலி பேசி, கடைக்காரரின் போன் நம்பரையும் அவரிடமே கொடுத்தேன்.

எட்டு மாதம் கிண்டினேன். ஒருநாள் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த பக்கத்து வீட்டுப் பெண் எங்களுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தார். "அங்கன ஒரு கடையில நம்ம ஊரு தொதல் கெடச்சுச்சு. தின்னு பாரேன், உன் கைப்பக்குவம் மாதிரியே இருக்கு." டப்பாவில் மச்சான் பெயர். அதன் கீழே, 'எங்கள் குடும்பக் கைப்பக்குவம்'. விலை, என் கூலியைப் போல ஐந்து மடங்கு.

டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் பதறவே இல்லை. "நீதானம்மா சொன்னே, இது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, எல்லா வீட்டுலயும் கிண்டுறதுதான்னு?"

சொன்னேன்தான். யார் பாராட்டினாலும் அப்படித்தான் சொல்வேன். அடக்கம் என்று நினைத்திருந்தேன். அவர்மீது வந்ததைவிட என்மீதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அதே ஆத்திரத்தில் மறுநாள், உணவு விற்க அரசிடம் பதிவு செய்ய ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். விண்ணப்பத்தை நிரப்பிய இளம்பெண் உரிமையாளர் பெயர் கேட்டார். பழக்கதோஷம், கணவர் பெயரைச் சொன்னேன்.

"அவரு எங்கன இருக்காரு?"

"துபாய்ல."

"அப்ப இங்கன கிண்டுறது யாரு?"

"நான்தான்."

அவர் என் வீட்டு வரி ரசீதைத் திருப்பிப் பார்த்தார். "வீடும் உங்க பேர்லதான் இருக்கு. பெறகு எதுக்குக்கா அவரு பேரு? துபாய்லருந்து வந்து கிண்டிட்டுப் போவாரோ?" பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். நான் அடுப்பு மூட்டும் இடம், படுக்கும் இடம், எல்லாமே நிக்காஹ்வின்போது வாப்பா என் பெயருக்கு எழுதியவை. ஒரு வீட்டுக்கே சொந்தக்காரி, ஒரு கிலோ தொதலுக்கு விலை சொல்ல ஊரையெல்லாம் உத்தரவு கேட்டு நின்றிருக்கிறேன். அடக்கமான பெண் என்று அத்தனை பேரும் மெச்சினார்கள். அந்த மெச்சலில் யாருக்கு லாபம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை.

"என் பேரையே போடுங்க" என்றேன்.

மச்சானுக்குக் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்; அந்தத் துபாய்க் கடை எனக்குத் திரும்பிவரவில்லை. மச்சான் வேறொரு பெண்ணைக் கிண்ட வைத்திருக்கிறார். அவளும் இது பெரிய வேலை இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது ராமநாதபுரத்தில் இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். யாராவது விலை கேட்டால் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். எதிராளி யோசிக்கும் அந்தச் சில நொடிகளில், 'வேணும்னா கொறச்சுக்கலாம்' என்ற வார்த்தை இன்றும் தொண்டைவரை வந்து நிற்கிறது. அதை விழுங்குவதுதான் நாலு மணி நேரம் தொதல் கிண்டுவதைவிடப் பெரிய வேலை.