தம்பி வாசித்துவிட்டான்

அந்தச் சனிக்கிழமை தம்பி கடலால் வரவில்லை. விடியமுன் தனியாக மீன்பிடிக்கப் போகிறவன், ஒன்பது மணிக்குள் கீரிக் கரையில் வள்ளத்தை ஏற்றிவிடுவான். பதினொரு மணியாகியும் காணவில்லை. 'எங்க நிக்கிறாய்?' என்று வட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். போய்ச் சேராத ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழுந்து கிடந்தது.

அவனிடம் பட்டன் போன் இருந்த காலத்தில் இந்தக் கரைச்சல் இல்லை. எடுத்தால் கதைப்பான். எடுக்காவிட்டால் அம்மா செபமாலையை எடுப்பா, அப்பா தேடுவதற்கு ஆள் பிடிப்பார். அவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்பா இரண்டு வள்ளங்களை ஒழுங்குபண்ணியிருந்தார். அவர்கள் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது என் போனில் சரி இரண்டாகி, உடனே நீலமாகவும் மாறியது.

"அப்பா, பார்த்திட்டான்!" என்று கத்தினேன்.

அம்மா அப்படியே மணலில் இருந்துவிட்டா. வள்ளக்காரர் ஒருவர் கேனைக் கீழே வைத்தார். "வாசிச்சிட்டான் எண்டால் பிரச்சினை இல்லைத்தானே. வலை எங்கயும் மாட்டியிருக்கும்."

அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. "காத்துக்குக் கேட்டிருக்காது" என்றார் அப்பா. எனக்குக் கோபம் வந்தது. 'அம்மா அழுறா. ஒரு சொல்லு எழுத ஏலாதா உனக்கு?' என்று அனுப்பினேன். அதுவும் நீலமானது. பதில் இல்லை. உயிரோடு இருக்கிறான் என்ற ஆறுதலும், ஏன் பேசுகிறானில்லை என்ற பயமும் மாறிமாறி வந்துகொண்டிருந்தன. எதை நம்புவதென்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு, எத்தனையாவது அழைப்போ, ஒருவர் எடுத்தார். தம்பியின் குரல் இல்லை.

"தங்கச்சி, இது பசாரில போன் திருத்துற கடை. தம்பி நேற்றுப் பின்னேரம் தந்திட்டுப் போனவர். கண்ணாடி மாத்திப்போட்டு, டச் வேலை செய்யுதோ எண்டு வந்து கிடந்த மெசேஜைத் திறந்து பார்த்தனான். ஏன், அவர் இன்னும் வரேல்லையோ?"

போனைத் திருத்தக் கொடுத்ததை அவன் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் அப்பாவிடம் ஓடினேன். அதற்குப் பிறகுதான் வள்ளங்கள் போயின.

பொழுதுபடுகிற நேரத்தில் அவனை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் நின்று, நீரோட்டத்தோடு போயிருக்கிறான். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கேட்டான்: "ஏன் இவ்வளவு நேரம்? மத்தியானமே வருவியள் எண்டு பார்த்துக்கொண்டு இருந்தனான்." அம்மா செம்பை வாங்கிக்கொண்டு இன்னும் தண்ணீர் எடுக்கப் போனா.

திங்கட்கிழமை காலை, முருங்கன் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக பஸ்சுக்கு நின்றேன். விடியவே கடைக்காரர் வீட்டில் போனை வாங்கிக்கொண்டு வந்த தம்பி என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான்.

"என்னக்கா, வட்ஸ்அப்பில எனக்குப் பேச்செல்லாம் விழுந்திருக்கு?" என்று சிரித்தான்.

நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது.

"அப்ப, வெளிக்கிட இருந்த வள்ளங்களை நிப்பாட்டினது ஆர்?"

நான் 'பார்த்திட்டான்' என்று மட்டும்தான் சொன்னேன். 'பொறுங்கோ' என்றும் சொன்னதாக அப்பா சொல்கிறார். அப்பாதான் கையைக் காட்டி மறித்தார் என்கிறார்கள் வள்ளக்காரர்கள். ஒருவருமே மறிக்கவில்லை, எல்லாரும் தாங்களாகவே நின்றுவிட்டார்கள் என்கிறா அம்மா. யோசிக்க யோசிக்க, நானும் சொல்லியிருப்பேன் போலத்தான் கிடக்கிறது.

"தெரியேல்லையடா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.