ஒதுங்கினேனா, ஒதுக்கினேனா

பணி ஓய்வுக்குப் பிறகும் தமிழாசிரியர் பழக்கம் விடவில்லை. ஒரே பொருள் தரும் சொற்களைத் திரட்டிச் சிறு கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் ‘தவிர்த்தல்’ வந்தது. விலகுதல், ஒதுங்குதல், நழுவுதல், தட்டிக்கழித்தல் என்று எழுதி, மாணவர்கள் வாயில் புழங்கும் டபாய்த்தலையும் டிமிக்கி கொடுத்தலையும் சேர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். எழுதி முடித்துப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரே ஆள் இருந்தான். ‘விருந்துக்கு அழைத்தபோது விரதம் என்று தட்டிக்கழித்தான்.’ ‘பந்தி தொடங்குமுன் நழுவினான்.’ அது நான்.

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த பள்ளியில் கணக்கு ஆசிரியர் ஒருவரும் நானும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் திருக்கழுக்குன்றத்தில் கோயில் தெருவில் பிறந்தவன். அவர் காலனியில் பிறந்தவர். மதியம் என் டப்பாவிலிருந்து அவருக்குத் தயிர்சாதம் வைப்பேன். அவர் டப்பா என் பக்கம் நகர்ந்தால் கை கழுவ எழுந்துவிடுவேன். தனியாகச் சைவம் சமைக்கிறோம், வீட்டுக்கு வாருங்கள் என்பார். திங்கட்கிழமை விரதம், வியாழக்கிழமை விரதம், ஏகாதசி, வயிறு சரியில்லை. ஒரு கட்டத்தில் அவர் அழைப்பதை நிறுத்திக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்று அதற்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

‘ஒதுங்கினேன்’ என்று எழுதும்வரை எனக்குச் சிரமமில்லை. அதன் பிறவினையை எழுதும்போதுதான் கை நின்றது. ஒதுக்கினேன். வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிய இணை. முதல் சொல்லில் நான் மட்டும் இருக்கிறேன். இரண்டாவதில் அவர் இருக்கிறார்.

மறுநாள் மின்சார ரயிலேறி, ஓய்வுக்குப் பின் அவர் குடியிருக்கும் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில். சொன்னால் வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கதவைத் திறந்த அவர் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், வழி தவறி வந்துட்டீங்களா? இன்னிக்கு வியாழக்கெழம ஆச்சே. விரதமில்ல?”

“விரதம்னு சொன்னதெல்லாம் பொய்ம்மா. உங்க வீட்டுச் சாப்பாடுன்றதாலதான் சாப்பிடல” என்றேன்.

உள்ளேயிருந்து நண்பர் வந்தார். “தெரியும் சார். வாரத்துல எத்தினி விரதம் வருதுன்னு கணக்கு வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் கூப்பிட்டீங்க?”

“அடுத்த தபா இன்னா பொய் வருதுன்னு பாக்கத்தான்.”

அந்த அம்மாள் சிரித்தார். நண்பர் சிரிக்கவில்லை. “எம் பொண்ணு கல்யாணத்துல வாழ்த்திட்டு, பந்தியில குந்தாம போய்ட்டீங்க. உன் பிரண்டு ஏம்ப்பா சாப்டாம போறாருன்னு அவ கேட்டா. மணக்கோலத்துல நிக்கற பொண்ணுகிட்ட நான் இன்னா சார் சொல்றது?”

தப்புதான் என்றேன். அதற்கு மேல் சொன்னால் மறுபடியும் சாக்காகிவிடும்.

அவர் மனைவி பக்கம் திரும்பி, “தட்டு எடுத்துனு வா” என்றார். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். காரத்தில் எனக்குக் கண் கலங்கியது. காரம்தான் என்று அவர்கள் நம்பியதுபோல் காட்டிக்கொண்டார்கள். இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

கை கழுவி வந்ததும் அவர் கேட்டார்: “சரி, எங்க வூட்ல நீங்க சாப்ட்டாச்சு. உங்க வூட்ல நான் எப்ப சார் சாப்புடறது?”

அதை நான் எதிர்பார்த்து வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து என் மனைவிக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கணக்கு சாரும் அவர் மனைவியும் சாப்பிட வருகிறார்கள் என்றேன். யாரென்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் மிக்சி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அது நின்றது.

“காரம் எவ்வளவு போடணும்னு கேளுங்க” என்றாள்.

போனை அந்த அம்மாளிடம் கொடுத்தேன்.