லாலானில் வீசிய சுருட்டு

சபையாரே, போன ரெண்டு ஞாயித்துக்கிழமையும் சொல்லணும்னு எழுந்து, பயந்து உக்காந்துட்டேன். இன்னைக்குச் சொல்லிடுறேன்.

இந்தப் பிரிக்பீல்ட்ஸுக்கு வர்றதுக்கு முந்தி, கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம் சீவிக்கிட்டிருந்தேன். ரப்பர் விலை விழுந்த வருஷம். புல்லு வெட்டுற ஆளுங்களைப் பாதிக்கு மேல ஊருக்கு அனுப்பிட்டாங்க. லாலான் புல்லு நெஞ்சு உசரம் வளந்து, மழையில்லாம காஞ்சு கெடந்துச்சு. அதுக்கு அந்தாண்டதான் ஆயாக்கொட்டகை. நாங்க வேலைக்குப் போனா கைப்பிள்ளைங்களை ஆயா அங்க பாத்துக்கும். என் மக ரெபேக்காவுக்கு அப்ப ரெண்டு வயசு.

சுருட்டு இல்லாம எனக்குப் பொழுது விடியாது. பெஞ்சாதி திட்டினா, "உன் வாயா கருகுது? என் வாய்தானே!"ம்பேன். அவ்வளவு திமிரு.

அன்னைக்குக் காலையில மரத்தடியில நின்னு புகைச்சுக்கிட்டிருந்தேன். கங்காணி சத்தம் கேட்டுச்சு. வேலையில புகைச்சா பேரை வெட்டி வெளியே அனுப்பிடுவான். பயத்துல அணைக்காமயே புல்லுக்குள்ள வீசிட்டேன். அப்புறம் மறந்தும் போயிட்டேன், ஐயோ.

கொஞ்ச நேரத்துல படபடன்னு சத்தம். திரும்பிப் பாத்தா நெருப்பு கொட்டகைப் பக்கம் ஓடுது. காத்தும் அந்தப் பக்கம்தான். வாளியைப் போட்டுட்டு ஓடினேன். பின்னால பொம்பளைங்க மாருல அடிச்சுக்கிட்டு ஓடி வர்றாங்க. "யாரு வச்ச தீயோ, அவன் நாசமாப் போக!"ன்னு ஒரு அம்மா கத்துது. அதோட ரெட்டைப் பிள்ளைங்க கொட்டகையில. நான்தான்னு எப்படிச் சொல்ல? "ஆண்டவரே, என்னை எரிச்சிடும், பிள்ளைங்களை விட்டுடும்"னு சொல்லிக்கிட்டே ஓடினேன். வேற ஜெபம் வாயில வரல.

நான் போறதுக்குள்ள கூரை உக்காந்துடுச்சு. உள்ள பாயப் போனேன், ரெண்டு பேர் இழுத்துப் பிடிச்சுட்டாங்க. தூளித் துணி ஒவ்வொண்ணா எரியுது. ரெபேக்கா, ரெபேக்கான்னு மண்ணுல விழுந்து அலறினேன். என் ஒரு வாய்ப் புகைக்குத் தோட்டமே அழுதுச்சு.

அப்பத்தான் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஆயா ஓடி வருது. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. "எல்லாம் அங்கதான் இருக்கு, அழாதீங்க!" மறுநாள் கொடுக்க வேண்டிய குளிர்காய்ச்சல் கொய்னா மருந்தை அன்னைக்கே கொடுக்கணும்னு, அங்க மருந்து கொடுக்குற டிரசர் ஆள் அனுப்பிப் பிள்ளைங்க அத்தனையையும் வரச்சொல்லியிருக்காரு. ஏன் அன்னைக்குன்னு அப்புறமா கேட்டேன். "தோணுச்சு"ன்னாரு. நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாலேயே என் தேவன் கேட்டுட்டாரு.

மறுநாள் காலையில பேர் கூப்பிடுற இடத்துல, எல்லார் முன்னாலயும் நான்தான்னு ஒத்துக்கிட்டேன். அந்த ரெட்டைப் பிள்ளைங்க அம்மா நேரா கிட்ட வந்து, என் மடியில இருந்த தீப்பெட்டியை எடுத்துக்கிட்டுப் போச்சு. அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். என் பேரை வெட்டிட்டாங்க. கொட்டகையைக் கட்டிக் கொடுத்துட்டுத்தான் கெளம்பினேன்.

சுருட்டை அன்னையோட விட்டேன், ஆனா ஆசை போகலங்க. சாப்பிட்டு எழுந்தா வாய் இன்னும் தேடும். உடனே முழங்கால் போடுறேன், அவர் தாங்குறாரு. விடமுடியாம தவிக்கிறவங்க இங்க யாராச்சும் இருந்தா, அவர்கிட்ட சொல்லுங்க. எனக்கே இரங்கினவரு உங்களுக்கு இரங்க மாட்டாரா?

ரெபேக்கா அதோ பொம்பளைங்க வரிசையில உக்காந்திருக்கா. ஏழு வயசாச்சு. இதை இன்னைக்குத்தான் முதல் தடவையா கேக்குறா. என் முகத்தைப் பாக்க மாட்டேங்குறா. பரவால்ல. என்மேல கோவப்படுறதுக்கு என் பிள்ளை உசுரோட இருக்காளே, ஸ்தோத்திரம்.